மண்டபத்துல இன்வெர்ட்டர் இருக்கே, எமர்ஜென்சி லைட் தனியா எதுக்கு?

கேள்வி: சார், எங்க ஊர்ல 250 பேர் உக்கார்ற மாதிரி சின்ன கல்யாண மண்டபம் வச்சிருக்கோம், கீழ டைனிங், மேல ஹால். ஜெனரேட்டர் இருக்கு, இன்வெர்ட்டரும் இருக்கு. லைசென்ஸ் ரினீவலுக்குப் போனா எமர்ஜென்சி லைட் தனியா போட்டு சர்டிபிகேட் கொண்டாங்கன்றாங்க. இது தேவையா, சும்மா செலவு வைக்கிறாங்களா?

பதில்: தேவைதாங்க. உங்க இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் பாத்துக்கறது தெருவுல கரண்ட் போறத மட்டும்தான். மாடிப்படி லைட்டுக்குப் போற வயர்ல ஷார்ட் ஆகி அந்த ஒரு எம்சிபி (ஷார்ட் ஆனா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) மட்டும் விழுந்துச்சுன்னு வைங்க, தெருவுல கரண்ட் இருக்கறதால ஜெனரேட்டர் ஸ்டார்ட்டே ஆகாது, இன்வெர்ட்டரும் கம்முன்னு கெடக்கும், படி மட்டும் கும்மிருட்டா இருக்கும். தீ பிடிச்சா இன்னும் மோசம், யாராச்சும் ஓடிப்போய் மெயினை இறக்கிடுவாங்க. 1997 ஜூன் 13ல டெல்லி உபகார் தியேட்டர்ல கீழ டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு, கரண்டும் போய், பால்கனியில இருந்தவங்க புகையிலயும் இருட்டுலயும் வழி தெரியாம மாட்டிக்கிட்டாங்க, 59 பேர் செத்துப்போனாங்க. அங்க எமர்ஜென்சி லைட் இல்லைங்கறதும் கேஸ்ல பெரிய விஷயமா வந்துச்சு.

அதனால பேட்டரி உள்ளயே இருக்கற ஃபிட்டிங்கா வாங்குங்க. அந்த இடத்து சாதா லைட் எந்த சர்க்யூட்டோ அதுலருந்தே, சுவிட்சுக்கு முன்னாடி லைன் எடுத்துக் குடுக்கணும், அப்பதான் அந்த சர்க்யூட் செத்த உடனே இது எரியும். கடையில கிடைக்கற சார்ஜபிள் லைட்டை பிளக்ல சொருகி வச்சிட்டு எமர்ஜென்சி லைட் இருக்குன்னு சொல்றவங்க நிறைய பேர், முதல் கல்யாணத்துலயே எவனாவது அதைப் புடுங்கிட்டு செல்போனுக்கு சார்ஜ் போட்டுருவான்.

நம்ம நேஷனல் பில்டிங் கோடு, அதாவது நம்ம நாட்டு கட்டட விதித் தொகுப்பு, கேக்கறது, கரண்ட் போன 5 செகண்டுக்குள்ள எரியணும், போற வழியோட நடுவுல தரையில 10 லக்ஸ் (ஒரு இடத்துல விழுற வெளிச்சத்தோட அளவு) இருக்கணும், எவ்ளோ சின்ன கட்டடமா இருந்தாலும் ஒன்றரை மணி நேரம் தாங்கணும். ஆன்லைன் கேட்லாக் நிறைய பிரிட்டிஷ் கணக்குல போட்டிருப்பான், அங்க நடுக்கோட்டுல 1 லக்ஸ் போதும், அதை நம்பி லைட்டைக் குறைச்சீங்கன்னா இங்க லக்ஸ் மீட்டர் வச்சு அளக்கும்போது மாட்டிப்பீங்க.

எங்க போடணும்னா, படியில ஒவ்வொரு இறக்கத்துக்கும், வழி திரும்புற இடம், வெளிய போற கதவு, ஃபயர் எக்ஸ்டிங்விஷர் பக்கம், டிபி பாக்ஸ் (எம்சிபி எல்லாம் இருக்கற பெட்டி) பக்கம். கதவுக்கு வெளியேயும் ஒண்ணு, இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, வாசப்படியில ஒருத்தர் தடுக்கி விழுந்தா பின்னாடி வர்ற மொத்தக் கூட்டமும் மேல விழும். பின்கதவுக்கு பூட்டு போட்டு வச்சிருந்தா அதுக்கு மேல எக்ஸிட் போர்டு மாட்டி ஒரு புண்ணியமும் இல்ல.

கேள்வி: எலக்ட்ரீசியன் லெட்டர்பேட்ல 'நல்லா இயங்குகிறது'ன்னு எழுதிக் குடுத்தா சர்டிபிகேட் ஆகிடுமா?

பதில்: ஃபைல்ல வைக்கலாம், மத்தபடி அதுல ஒண்ணுமில்ல. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்கிட்ட, எந்த லைட் எங்க, எந்த சர்க்யூட்னு குறிச்ச பிளான் கேளுங்க, ராத்திரி மத்த லைட்டெல்லாம் அணைச்சுட்டு எடுத்த லக்ஸ் ரீடிங் கேளுங்க. ரீடிங்கை, லைட் எரிய ஆரம்பிச்ச உடனே எடுத்தா பிரகாசமாத்தான் காட்டும், பேட்டரி இறங்க இறங்க டல் ஆகிடும், அதனால ஒன்றரை மணி நேரம் முடியற நேரத்துல திரும்ப எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் ஒரு நோட்டு போட்டு மாசம் ஒருதரம் ரெண்டு நிமிஷம் எரியவிட்டுப் பாத்து தேதி எழுதுங்க. வருஷத்துக்கு ஒருதரம் முழுசா ஒன்றரை மணி நேரம் ஓடவிடணும், அது முடிஞ்சா பேட்டரி காலி, திரும்ப ஏற கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பண்ணிடாதீங்க. ஆடியில மண்டபம் சும்மாதானே கெடக்கும், அப்ப வச்சுக்கோங்க.