காந்தம் ஒட்டவில்லை என்று வாங்கிய பைப்

கள்ளு வினாகிரியை வீட்டிலேயே போடலாம் என்று போன மாதம் இங்கே ஒரு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி வினாகிரிச் சாமான்களைப் பற்றியவைதான், அதுவும் வாங்கி முடித்த பிறகு எழுதியவை. சுருக்கி, ஒவ்வொன்றின் கீழும் என் பதிலோடு தருகிறேன்.

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். சீசன் முடிந்ததும் திகதி நெருங்கிய அப்பிள் சைடர் (அப்பிள் மது) போத்தல்கள் ஒரு பெட்டி மிஞ்சியது, முதலாளி என்னிடமே கொடுத்துவிட்டார். வினாகிரி ஆக்கலாம் என்று கண்ணாடிச் சாடியும் மேலே குமிழி விடுகிற மூடியும் சேர்ந்த ஒரு செட் வாங்கினேன். ஏழு கிழமையாகியும் சைடர் சைடராகவே இருக்கிறது. செட் பழுதா?

செட் பழுதில்லை, வேலைதான் வேறு. அந்தக் குமிழி மூடி மது புளிக்க வைக்கிறவர்களுக்கானது, உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. உங்களுக்குத் தேவையோ இதற்கு நேர் எதிரானது. மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக மாற்றுகிற பக்டீரியாவுக்கு ஒட்சிசன் இல்லாமல் ஒன்றும் ஓடாது. மூடியைக் கழற்றி வையுங்கள். பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக மடித்து வாயில் இறுக்கிக் கட்டுங்கள். பழ ஈ நுழையக் கூடாது, காற்று நுழைய வேண்டும், அவ்வளவுதான். சாடியைக் கழுத்து வரை நிரப்பாமல் முக்கால்வாசியோடு நிறுத்துங்கள், அகலமான இடத்தில் நிற்கிற திரவம்தான் சீக்கிரம் புளிக்கும்.

அதோடு போத்தல் லேபிளையும் பாருங்கள். 220 முதல் 228 வரை ஏதாவது ஓர் இலக்கம் இருந்தால் அது சல்பைட், நமக்கு வேண்டிய பக்டீரியாவையும் அது அமுக்கிவிடும். அகலமான பாத்திரத்தில் நாலைந்து தரம் மாற்றி மாற்றி ஊற்றினால் சைடரில் இருக்கிற வாயு போகும், சல்பைட்டும் ஓரளவு குறையும். பிறகு காய்ச்சாத, வடிகட்டாத நல்ல வினாகிரியை மூன்று பங்கு சைடருக்கு ஒரு பங்கு என்று சேருங்கள். சும்மா விட்டால் பக்டீரியா தானாக வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, உங்கள் சைடரில் மதுசாரம் 4.5 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வீத மதுசாரம் கணக்குப்படி ஒரு வீத அமிலம் தரும், ஆனால் கொஞ்சம் ஆவியாகப் போகும், கொஞ்சம் மாறாமல் நிற்கும், ஆகவே 4 வீதத்துக்குக் கீழேதான் முடியும். சலாட்டுக்கு நல்லது. மாதக்கணக்கில் வைக்கிற அச்சாறுக்கு அதை நம்ப வேண்டாம்.

பாலையூற்றில் ஒருவர் நீலப் பிளாஸ்டிக் பரல் மலிவாகத் தருகிறார். முன்பு என்ன இருந்தது என்று தெரியாதாம். நன்றாகக் கழுவினால் பாவிக்கலாமா?

வேண்டாம். பிளாஸ்டிக் உறிஞ்சியதைச் சவர்க்காரம் வெளியே எடுக்காது, வினாகிரி எடுக்கும்.

சாம்பல்தீவிலிருந்து எழுதுகிறேன். எட்டு லீட்டர் கண்ணாடிச் சாடி, கீழே பளபளக்கும் ஸ்டீல் பைப். கள்ளு வினாகிரி நன்றாகத்தான் வந்தது. ஆனால் பைப்பைத் திறந்ததும் முதல் ஒரு கோப்பை இளம்பச்சையாக வருகிறது, பிறகு தெளிந்துவிடுகிறது. முதல் கோப்பையை ஊற்றிவிட்டு மிச்சத்தைச் சமையலுக்கு எடுக்கலாமா அக்கா?

எடுக்காதீர்கள் தங்கச்சி. முழுவதையும் ஊற்றிவிடுங்கள். எட்டு லீட்டரைக் கொட்டுவது எவ்வளவு நோகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கொட்டியது பதினைந்து லீட்டர்.

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் போகிறேன். நாலு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு சாடி வாங்கினேன். கடைக்காரர் மேசை லாச்சியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து பைப்பில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாருங்க, ஒறிஜினல் ஸ்டெயின்லெஸ்" என்றார். நான் நம்பினேன். நாலாம் மாதம் வடிக்கப் போனபோது பைப்பின் வாயில் பச்சையாக ஒரு பொருக்கு, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. கழற்றி உட்பக்கத்தை ஊசியால் கீறிப் பார்த்தேன். வெள்ளி நிறப் பூச்சு உரிந்து, கீழே மஞ்சள். பித்தளை.

நல்ல ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது சரி. ஆனால் பித்தளையிலும் ஒட்டாது, நாக (சிங்க்) உலோகக் கலவையிலும் ஒட்டாது. ஆகவே அந்தக் காந்தம் எதையும் நிரூபிக்கவில்லை, விற்கிறவருக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். பித்தளை என்பது செம்பும் நாகமும். வினாகிரியும் காற்றும் சேர்ந்து தொடும்போது செம்பு கரைந்து அசற்றேற்று என்ற உப்பாகிறது, நீங்கள் கண்ட பச்சை அதுதான், அது நஞ்சு. பைப்புக்குப் பக்கத்தில் நிற்கிறதில் அது கூடுதலாக இருப்பதால் முதல் கோப்பை பச்சையாகத் தெரிகிறது. பிறகு வருவது தெளிவாக இருந்தாலும் அதில் செம்பு இல்லை என்று அர்த்தமில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருக்கும். எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், இந்தச் சாடிகளை சர்பத் ஊற்றி வைக்கிற சாடி என்று விற்றிருந்தால் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். பெட்டியில் வினாகிரிக்கும் அச்சாறுக்கும் உகந்தது என்று படம் போட்டு விற்கிறார்கள். கண்ணாடியைத் தட்டிக் காட்டுவார்கள், மூடியைத் திறந்து காட்டுவார்கள், அமிலம் இரவு பகலாக நிற்கப்போகிற பைப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னால் முகம் மாறும். முகம் மாறினால் வாங்காதீர்கள்.

சாடியை எறிய வேண்டாம். பைப்பைக் கழற்றிவிட்டு, அதே துவாரத்துக்கு உணவுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் பைப்பும் சிலிக்கன் வொஷரும் போடுங்கள். துவாரமே இல்லாத அகலவாய்ச் சாடி இன்னும் நல்லது, ஒரு முழம் சிலிக்கன் குழாயை விட்டு உறிஞ்சி இறக்கலாம், பைப்பே தேவையில்லை. அப்புறம், சாடி வாங்கி மூன்று மாதத்துக்குள் என்றால் பற்றுச்சீட்டையும் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்கே போங்கள். தட்டிக் கழித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்குத் தருகிற காலம் மூன்று மாதம். நான் நாலாம் மாதம்தான் கண்டுபிடித்தேன்.

பிஎச் மீற்றர் ஒன்று 2,800 ரூபாவுக்கு வாங்கினேன். 2.6 காட்டுகிறது. என் வினாகிரி எத்தனை வீதம்? இன்னொன்று 2.5 காட்டுகிறது, அது கூடுதல் தரமா?

வாங்க முன் கேட்டிருந்தால் 2,800 ரூபா மிஞ்சியிருக்கும். பிஎச் என்பது புளிப்பு கூடக் கூட இறங்குகிற ஓர் இலக்கம், அதைக் காட்டுகிற மீற்றர் அமில வீதம் சொல்லாது. அசற்றிக் அமிலம் மெல்லிய அமிலம், அதன் அளவை இரண்டு மடங்காக்கினாலும் பிஎச் 0.15 அளவில்தான் இறங்கும். உங்கள் மீற்றரே 0.1 கூடக் குறையக் காட்டுகிற சாமான் என்று அதன் தாளில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். ஆகவே அந்த இரண்டு வினாகிரியும் ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்காகவும் இருக்கலாம்.

வீதம் வேண்டுமென்றால் ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததைத்தான் செய்ய வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் சரியாக 1 மில்லிலீட்டர் வினாகிரி எடுத்து, காய்ச்சி வடித்த நீர் கொஞ்சத்தில் விட்டு, பினோத்தலீன் என்ற நிறங்காட்டியில் இரண்டு துளி போடுங்கள். 10 மில்லிலீட்டர் சிரிஞ்சில் லீட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு எடுத்துத் துளித்துளியாக விட்டு ஆட்டிக்கொண்டே வாருங்கள். இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கிற இடத்தில் நிறுத்தி, செலவான மில்லிலீட்டரை 0.6ஆல் பெருக்குங்கள். 6.7 செலவானால் 4 வீதம், 8.3 என்றால் 5 வீதம். கரைசலை ஆய்வுகூடச் சாமான் விற்கிற இடத்தில் அளந்து தயாரித்ததாகவே வாங்குங்கள், வீட்டில் கலக்க வேண்டாம், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. ஹைட்ரோமீட்டர் வாங்கலாமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அது புளிக்க முன் சீனியின் அளவு பார்க்க. வினாகிரிக்கு உதவாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மூதூர். முகநூலில் பார்த்து ஓக் மரப் பீப்பாய் ஒன்றுக்கு முழுக் காசையும் வங்கியில் போட்டேன். வந்த பீப்பாய் ஒழுகுகிறது, உள்ளே வார்னிஷ் மணம். எழுதிக் கேட்டதும் என்னைத் தடை செய்துவிட்டார்கள். பிள்ளைகள் என்னைத்தான் ஏசுகிறார்கள்.

ஐயா, பிள்ளைகளிடம் இதைக் காட்டுங்கள். ஏச வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. படம் போட்டு, விலை சொல்லி, காசு வாங்கிக்கொண்டு வேறு சாமானை அனுப்பியவர்தான் பிழை செய்தவர்.

முதலில் பீப்பாய். காய்ந்த மரப் பீப்பாய் எதுவும் முதல் நாள் ஒழுகத்தான் செய்யும், இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிரப்பி வைத்தால் பலகை ஊதி அடைத்துக்கொள்ளும், ஆகவே ஒழுக்கை மட்டும் வைத்து நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே வார்னிஷ் என்றால் அது அழகுக்குச் செய்த பீப்பாய். அமிலம் வார்னிஷைக் கரைக்கும். உணவு எதையும் அதில் வைக்காதீர்கள், தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், சான்றாக அப்படியே இருக்கட்டும்.

பிறகு காசு. அவர்கள் உங்களைத் தடை செய்திருந்தாலும் உங்கள் பக்கத்தில் உரையாடல் அநேகமாக இருக்கும். பேரப்பிள்ளை யாரையாவது கொண்டு எல்லாவற்றையும் படம் பிடித்து அச்செடுங்கள். விளம்பரப் படம், வங்கியில் போட்ட துண்டு, கூரியர் பொதியில் ஒட்டியிருந்த தாள், பீப்பாயின் உள்பக்கப் படம், இவை போதும். முகநூல் பெயரை மாற்றலாம், காசு போன வங்கிக் கணக்குக்கு ஓர் ஆள் இருக்கிறார். பொலிஸில் மோசடி என்று முறைப்பாடு கொடுத்து, அதன் பிரதியோடு உங்கள் வங்கிக்கும் எழுதுங்கள். பாவனையாளர் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்தால் வழி சொல்வார்கள், ஆனால் அழைப்போடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுங்கள், திகதியிட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். எழுத யாரும் இல்லையென்றால் விவரங்களை எனக்கு அனுப்புங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

மீன்தொட்டி எயார் பம்பைப் போட்டு இரண்டு நாளில் வினாகிரி எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வாங்கலாமா?

காற்றை உள்ளே ஊதிச் சீக்கிரம் புளிக்க வைப்பது உண்மையான முறைதான். 1823இல் ஜேர்மனியில் ஷூட்சன்பாக் என்பவர் மரச்சீவல் நிரப்பிய தொட்டியில் மதுவை மேலிருந்து சொட்டவிட்டு மாதக்கணக்கான வேலையை நாட்கணக்காக்கினார். இன்றைய ஆலைகள் திரவத்துக்குள்ளேயே காற்றை ஊதி ஒன்றிரண்டு நாளில் முடிக்கின்றன. அங்கே வளர்கிற பக்டீரியா இடைவிடாத காற்றுக்குப் பழகிவிட்டது, காற்று சில நிமிடம் நின்றாலே சாகத் தொடங்கும். கரண்ட் போகிற ஊரில் அந்த வேலைக்கு ஜெனரேட்டரும் வேண்டும். வீட்டுப் பம்ப் வைத்தால் மதுசாரமும் மணமும்தான் முதலில் காற்றோடு போகும். எங்கள் வெக்கை 30 பாகை அளவில் இருப்பதே பெரிய உதவி, ஆறு எட்டுக் கிழமையில் தானாக வரும். கூரைத் தகரத்துக்குக் கீழே மட்டும் சாடியை வைக்காதீர்கள், 35க்கு மேலே போனால் வேகம் குறையும்.

அப்பிள் வாங்கிச் சைடர் செய்து வினாகிரி போட்டால் இலாபமா? தம்பலகாமம்.

இல்லை. இறக்குமதி அப்பிளின் விலைக்கு ஆயத்த வினாகிரியே வாங்கலாம். உங்களிடம் தென்னை இருக்கிறது, ஆனால் கள்ளு இறக்க மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அனுமதி உள்ளவரிடம் வாங்குங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் லேபிள் ஒட்ட முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள், உணவுச் சட்டம் 1980இலிருந்து இருக்கிறது.

பழைய சாராயப் போத்தலில் நிரப்பலாமா? கிண்ணியா.

கண்ணாடி நல்லது, தகர மூடி கூடாது, இரண்டு மாதத்தில் துரு இறங்கும். பிளாஸ்டிக் மூடியோ தக்கையோ போடுங்கள். முடிந்த வினாகிரியைக் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள், காற்று கிடைத்தால் அதே பக்டீரியா அமிலத்தையும் தின்று தண்ணீராக்கிவிடும்.