ஒன்பது குமிழ் அகலத்தில் ஒரு ரயில் பெட்டி

லெகோ போன்ற பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு பெரிய மாதிரிகள் செய்வது பற்றி வடசென்னை நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

பெரம்பூர்: ஐயா, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டி ஒன்றைக் கட்ட ஆசை. அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். எந்த அளவில் தொடங்குவது?

தண்டவாளத்திலிருந்து தொடங்குங்கள். லெகோ தண்டவாளத்தின் உள் இடைவெளி ஏறக்குறைய 37.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. வகுத்துப் பார்த்தால் 1:45 வருகிறது. சுமார் 4 செ.மீ. உயரமுள்ள மனித பொம்மையும் அதே கணக்கில் 180 செ.மீ. ஆளாகிவிடுவதால் பயணிகளுக்கும் தனிக் கணக்கு வேண்டாம். ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் 3,245 மி.மீ.; அதை 45ஆல் வகுத்தால் 72 மி.மீ. கட்டையின் மேல் துருத்தியிருக்கும் குமிழ்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 8 மி.மீ. என்பதால் சரியாக ஒன்பது குமிழ்.

பலர் எட்டில் கட்டிவிடுகிறார்கள், இரட்டைப்படை எளிது என்பதற்காக. உங்கள் அப்பாவிடம் அது செல்லாது. பார்த்த உடனே பெட்டி ஒடுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒன்பதில் கட்டினால் சக்கரத் தொகுதியை நடுவில் பொருத்த அரைக் குமிழ் நகர்த்த வேண்டியிருக்கும். அதற்கென்றே நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள ஜம்பர் தகடு இருக்கிறது.

உண்மையான தலைவலி நீளம். 21.3 மீட்டர் உடல் ஏறக்குறைய 59 குமிழ் ஆகிறது. கடையில் கிடைக்கும் வழக்கமான வளைவுத் தண்டவாளத்தின் ஆரமோ 40 குமிழ்தான். அந்த வளைவில் பெட்டியின் வயிறு உள்ளே துருத்தும், முனைகள் வெளியே நீட்டும். நேர்ப்பாதையில் காட்சிக்கு வைப்பதென்றால் 59இலேயே கட்டுங்கள். ஓட வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஜன்னல்களை விட்டுவிட்டு நீளத்தைக் குறையுங்கள். ஜன்னல் குறைந்ததை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜன்னலின் குறுக்குக் கம்பிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லையென்றால் அது எந்த நாட்டுப் பெட்டியாகவும் இருக்கலாம்.

காசிமேடு: அண்ணா, விசைப்படகின் முகப்பு வளைந்து மேலே ஏறுகிறது. கட்டையோ சதுரம். எப்படி?

குமிழ் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை விடுங்கள், தம்பி. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தகடு எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் 3.2 மி.மீ. ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மி.மீ.; அது இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் பக்கவாட்டில் திருப்பிக் கட்டிய சுவரும் நேராகக் கட்டிய சுவரும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். முதலில் நடுமரமும் விலா எலும்புகளும் கட்டுங்கள். பக்கப் பலகைகளைத் தனியே தட்டையாகச் செய்து, கீல் துண்டுகளால் அவற்றின் மேல் சாய்த்து மாட்டுங்கள். முகப்பில் மட்டும் வளைந்த சரிவுத் துண்டுகளைச் செலவழியுங்கள், அவை விலை அதிகம். வண்ணத்துக்குப் படம் தேட வேண்டாம். உங்களுக்குத் துறைமுகம் நடக்கும் தூரம்தானே!

தண்டையார்பேட்டை: பசை போட்டு ஒட்டலாமா?

கூடாது. பொதுக் கண்காட்சியில் ஆயிரம் கைகள் தொடப்போகிற மாதிரி என்றால் மட்டும் ஒட்டலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை: லெகோ விலை கட்டுப்படியாகவில்லை, சார். பாரிமுனையில் மலிவாகக் கிடைப்பவை போலியா?

எல்லாவற்றையும் போலி என்று தள்ள முடியாது. அந்த இணைப்பு முறைக்கு லெகோ காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28இல். அது காலாவதியாகிப் பல காலம் ஆகிறது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக்கும் முயற்சியையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் நிராகரித்தது. ஆகவே பொருந்தும் கட்டையை யாரும் தம் பெயரில் செய்து விற்கலாம். பெட்டியின் படத்தையும் பெயரையும் திருடுவதுதான் தவறு. வாங்கும்போது ஒரு சிறு பொட்டலம் வாங்கி, இருபது கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். தூண் கோணினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். உள்ளே மறையும் பகுதிக்கு மலிவானது, வெளியே தெரிவதற்கு நல்லது என்பது என் வழக்கம்.

ராயபுரம்: எங்கள் ரயில் நிலையத்தைக் கட்ட வேண்டும். 1856இல் திறந்த கட்டடம். தூண்களுக்கு என்ன செய்வது?

மனித பொம்மைக்கு ஏற்ற 1:45 அளவில் கட்டினால் உங்கள் கூடம் போதாது. பாதி அளவில், அதாவது 1:90இல் முகப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குமிழ் உருளைக் கட்டைகளை அடுக்கினால் 72 செ.மீ. தடிமனுள்ள தூணுக்கு நிகராகும். தூண்களின் எண்ணிக்கையை விட இரண்டு தூண்களுக்கு நடுவே விடும் வெளிதான் முக்கியம். அது பிசகினால் கல்யாண மண்டபமாகிவிடும். எதிரில் நின்று நேராக ஒரு படம் எடுத்து, தூணின் உயரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தை அளந்த பிறகே கட்டை வாங்குங்கள்.

மணலி: வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகின்றன. தூசியும் தாங்கவில்லை.

மஞ்சளுக்கு முக்கியக் காரணம் வெயிலின் புற ஊதாக் கதிர். 1963 முதல் லெகோ பயன்படுத்துவது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், வெயில் அதற்கு ஆகாது. ஜன்னலோரம் வைக்காதீர்கள். தூசிக்குக் கண்ணாடிப் பெட்டியை விடச் சிறந்த வழி நம் பகுதியில் இல்லை. கழுவுவதென்றால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல்.

திருவொற்றியூர்: ஆளுயரக் கலங்கரை விளக்கம் கட்டினால் அடிக்கட்டை நசுங்குமா?

நசுங்காது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2012இல் சோதித்தபோது, இரண்டுக்கு இரண்டு கட்டை ஒன்று சுமார் 430 கிலோ எடை வரை தாங்கியது. கோபுரம் விழுவது சாய்வதால்தான். கொத்தனார் செங்கல் அடுக்குவதைப் போல ஒவ்வொரு வரிசையிலும் இணைப்பை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

வியாசர்பாடி: கட்டிய மாதிரியை ஆட்டோவில் எப்படிக் கொண்டுபோவது?

முழுதாகக் கொண்டுபோகவே கூடாது. கட்டும்போதே மடியில் வைக்கக்கூடிய அளவில் பகுதி பகுதியாகப் பிரித்து, இணைப்பு முளைகளால் சேருங்கள். ஒவ்வொரு பகுதியையும் துண்டு சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். உதிரிக் கட்டைகள் ஒரு டப்பா நிறையக் கையில் இருக்கட்டும்.