சுவரில் சிவப்பு, கறுப்பு. விளக்கில் பழுப்பு, நீலம்: எதை எதோடு சேர்ப்பது?

வாசகர் கேட்டது: எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று வயர்கள் வருகின்றன. புதிதாக வாங்கிய சுவர் விளக்கில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் கோடு போட்டது என்று மூன்று. எதை எதோடு சேர்க்க வேண்டும்? ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்து பார்த்தால் அங்கே இரண்டு வயரும் சிவப்பு, கறுப்பே காணோம். வயரிங்கே தப்பா?

முதலில் நேரடியான பதில். சிவப்போடு பழுப்பு, அது ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்). கறுப்போடு நீலம், அது நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்). பச்சையோடு பச்சை-மஞ்சள், அது எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் பாதுகாப்பு வயர்). ஸ்விட்ச் பாக்ஸில் இரண்டும் சிவப்பாக இருப்பது தப்பில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இதைப் படித்த கையோடு ஸ்டூலைப் போட்டு ஏறிவிடாதீர்கள். மேலே சொன்னது, வயரிங் செய்தவர் விதிப்படி செய்திருந்தால் மட்டுமே சரி. வயரின் நிறம், அன்றைக்கு வேலை செய்தவர் விட்டுச் சென்ற ஒரு தகவல். அது உண்மையா என்று சொல்ல வேண்டியது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர்.

நிறங்கள் இப்படிக் குழம்பிக் கிடப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நாடும் ஒரு வழக்கத்தை வைத்திருந்ததுதான். இந்தியாவில் ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. பிரிட்டனிலும் பழைய வீடுகளில் இதே கதைதான். அங்கே 2004-ல் மாற்றம் தொடங்கி, 2006 ஏப்ரல் முதல் புதிய வேலைகளுக்குப் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் கட்டாயமானது. ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமும் இதையே சொல்கிறது. அதனால்தான் பல நாடுகளிலும் விற்கிற உங்கள் விளக்கில் இந்த மூன்று நிறங்கள். அமெரிக்காவிலோ கறுப்பும் சிவப்பும் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறையில்லாத செம்புக் கம்பி எர்த்.

இதில் ஆளை ஏமாற்றுகிற நிறங்கள் இரண்டு. கறுப்பு, ஓரிடத்தில் நியூட்ரல், இன்னோரிடத்தில் ஃபேஸ். நீலமும் அப்படியே. வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால், ஏதாவது ஒரு அறைக்கு நீல ஃபேஸ் போயிருக்கலாம். அந்த அறையின் சுவரில் வரும் நீல வயரில் 230 வோல்ட் இருக்கும். 'நீலத்துக்கு நீலம்' என்று விளக்கைச் சேர்த்தால் விளக்கு நன்றாகவே எரியும், பிழை வெளியே தெரியாது. திருகு வகை ஹோல்டராக இருந்தால், நடுப்புள்ளிக்கு வர வேண்டிய ஃபேஸ் சுற்றியிருக்கும் மரைக்கு வந்துவிடும். பல்பு மாற்றும்போது விரல் படுவது அந்த மரையில்தான். விளக்கு எரிந்துவிட்டது என்பதை இணைப்பு சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இனி உங்கள் ஸ்விட்ச் பாக்ஸ். ஸ்விட்சின் வேலை ஃபேஸை வெட்டுவதும் சேர்ப்பதும். ஃபேஸ் ஒரு வயரில் வந்து, இன்னொரு வயரில் விளக்குக்குப் போகிறது. நியூட்ரல் ஸ்விட்சைத் தொடாமல் நேராக விளக்குக்குப் போய்விடும். அதனால் இரண்டும் சிவப்பு. வேறு சில வீடுகளில் திறந்து பார்த்தால் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று இருக்கும். கையில் இருந்த இரண்டு வயர் கேபிளை அப்படியே இழுத்திருப்பார்கள். அந்தக் கறுப்பு நியூட்ரல் இல்லை. ஸ்விட்ச் போட்டதும் அதில் ஃபேஸ் வரும். அப்படி ஒன்றைக் கண்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதன் இரு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றி விடுங்கள். அடுத்து அந்தப் பாக்ஸைத் திறப்பவருக்கு அந்த ஒரு சுற்று டேப் உயிர் காக்கலாம்.

அப்புறம், 'நியூட்ரல் ஷாக் அடிக்காது' என்று ஒரு நம்பிக்கை உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது நியூட்ரலைக் கழற்றினால், விளக்கின் பக்கம் இருக்கும் முனைக்கு விளக்கின் வழியாகவே ஃபேஸ் வந்து நிற்கும். ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு எடுக்கும் மின்னோட்டம் சுமார் 40 மில்லி ஆம்பியர். அவ்வளவு நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்துவிடலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் பிரேக்கர்) இதைக் கவனிக்கக்கூட கவனிக்காது. அது வயர் சூடாகாமல் காக்க வைத்தது. ஆளைக் காக்க வைப்பது, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உங்கள் போர்டில் அது இல்லையென்றால், விளக்கைவிட அதற்குத்தான் முதலில் செலவு செய்யச் சொல்வேன்.

வேலையைத் தொடங்கும்போது ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்தச் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை, சந்தேகம் இருந்தால் மெயினையே நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்திய கணமே இன்வெர்ட்டர் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். அதையும் நிறுத்த வேண்டும். போர்டில் ஒரு சீட்டு ஒட்டி, வீட்டில் இருப்பவர்களிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து சோதனை. மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த வேறொரு பிளக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு நீங்கள் கைவைக்கப் போகும் வயர்களில், பிறகு மறுபடியும் அதே பிளக்கில். மீட்டரே பழுதாகி 'மின்சாரம் இல்லை' என்று காட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த மூன்று படி. இந்த வேலைக்கு நியான் டெஸ்டரை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால் அது மங்கலாகவோ எரியாமலோ போகலாம். நியூட்ரல் அறுந்திருப்பதையும் எர்த் இல்லாததையும் அதனால் தெளிவாகக் காட்ட முடியாது.

எந்த வயர் எது என்று கண்டுபிடிக்க, மின்சாரம் இல்லாத நிலையில் மூன்று முனைகளையும் ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வையுங்கள். பிறகு எம்.சி.பி.யையும் விளக்கின் ஸ்விட்சையும் போட்டு, மீட்டர் கம்பியின் உறை உள்ள பகுதியை மட்டும் பிடித்து அளந்து பாருங்கள். 230 வோல்ட் வீட்டில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஏறக்குறைய 230, சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே அதே அளவு, கறுப்புக்கும் பச்சைக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டிய சில வோல்ட் காட்ட வேண்டும். இந்த மூன்றும் வந்தால் நிறங்கள் உண்மை சொல்கின்றன. எழுதி வைத்துக்கொண்டு மின்சாரத்தை மறுபடி நிறுத்தி, மறுபடி சோதித்த பிறகே வயரைத் தொடுங்கள்.

முதலில் எர்த், பிறகு நியூட்ரல், கடைசியில் ஃபேஸ். கழற்றும்போது தலைகீழ் வரிசை. எர்த் வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டால், விளக்கை யாராவது இழுத்தாலும் அது கடைசியாகத்தான் பிடுங்கிக்கொள்ளும். உங்கள் விளக்கில் எர்த் இருக்கிறது, நல்லது. சதுரத்துக்குள் சதுரம் குறியிட்ட விளக்குகளில் எர்த் வயர் வராது. அப்போதும் சுவரின் பச்சை வயரை வெட்டிவிடாமல் தனி கனெக்டரில் போட்டு வையுங்கள்.

வயர் உறையைக் கனெக்டரின் ஆழத்துக்கு, பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் சீவினால் போதும். திருகு இறுக்கிய பின் வெளியே செம்பு தெரியக் கூடாது, உறையும் திருகுக்கு அடியில் மாட்டக் கூடாது. பல இழை வயரை முறுக்கி உள்ளே விடுங்கள். ஓட்டையில் நுழையவில்லையே என்று நாலு இழையை வெட்டாதீர்கள். ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்ப்பது முக்கியம். லூஸான இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து 10 ஆம்பியர் ஓடினால், அந்தத் திருகுக்குள் 10 வாட் வெப்பம் பிறக்கும். விளக்கு அவ்வளவு எடுக்காதுதான், ஆனால் அதே பாக்ஸிலிருந்து வயரை நீட்டி (லூப் எடுத்து) ஒரு பிளக்குக்குக் கொண்டு போயிருந்தால், அந்த இணைப்பில் அவ்வளவு ஓடலாம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சில வருடங்களில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும், கனெக்டர்தான் சரி.

பச்சை வயர் எங்கும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால், அதை நியூட்ரலோடு முடிச்சுப் போடும் குறுக்கு வழியைச் சிலர் காட்டுவார்கள். கூடவே கூடாது. என்றாவது நியூட்ரல் அறுந்தால், விளக்கின் உலோக உடம்பு முழுக்க ஃபேஸ் ஏறும்.

அளவுகள் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சிவப்பு-பச்சை பூஜ்யம், கறுப்பு-பச்சை 230 என்று வந்தால், எங்கோ ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கின்றன. கறுப்பு-பச்சை 230 காட்டி, சிவப்பு-கறுப்பு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நியூட்ரல் மேலே எங்கோ அறுந்திருக்கலாம். சிவப்பு-பச்சை அளவு நிலையில்லாமல் ஆடினால் எர்த் தொடர்பில் இல்லை. மூன்றுமே விளக்குப் பக்கத்தில் தீராத கோளாறு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் போர்டிலிருந்து பார்க்க வேண்டியது. நீங்கள் எழுதி வைத்த மூன்று எண்களையும் அவரிடம் கொடுங்கள், எங்கே தேடத் தொடங்குவது என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.