43 சம்பவம் இருக்கிறது, நாவல் எங்கே?

கேள்வி: 1987-88இல் அருமனைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படிக்கும் பையனை வைத்து நகைச்சுவை நாவல் எழுதியிருக்கிறேன். 420 பக்கம், 43 சம்பவம். கூடப் படித்தவர்களிடம் வாயால் சொன்னால் உருண்டு சிரிக்கிறார்கள். எழுத்தில் கொடுத்தால் யாரும் சிரிக்கவில்லை, “நல்லா இருக்கு” என்று திருப்பித் தருகிறார்கள். பதிப்பகம் ஒன்று “கோர்வை இல்லை” என்று சொல்லிவிட்டது. வட்டாரப் பேச்சு எவ்வளவு வரலாம்? ஆசிரியர்களின் பெயரை என்ன செய்வது? மூன்று அத்தியாயங்களும் மொத்தக் கதைச் சுருக்கமும் இணைத்துள்ளேன்.
- ஒரு வாசகர், விளவங்கோடு வட்டம்

பதில்: உங்கள் நண்பர்களுக்கு அந்த சாரைத் தெரியும், அந்தக் கடைசி பெஞ்சைத் தெரியும். நீங்கள் பாதி சொல்லும்போதே மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். புத்தகம் வாங்குகிறவரிடம் அந்த மீதி இல்லை. அதை எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இப்படி வருகிறது:

“அம்மா தந்துவிட்ட சாளைக்கறி பைக்குள் கொட்டி, விலங்கியல் ரெக்கார்டு நோட்டு நாசமானது. சார் முகர்ந்து பார்த்து ‘இது தவளையா, சாளையா?’ என்று கேட்டதும் வகுப்பே வயிறு வலிக்கச் சிரித்தது. இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்த நாட்கள் இனி வருமா?”

நான்கு வாக்கியம். கடைசி இரண்டும் இன்றைய உங்களுடையவை, அவை வேண்டாம். “வகுப்பே சிரித்தது” என்பதும் வேண்டாம். வகுப்பு சிரித்துவிட்டால் வாசகர் சிரிக்க மாட்டார். மிஞ்சுவது ஒரு விபத்தும் ஒரு சொல் விளையாட்டும்தான். நல்ல சரக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது: கறி கொட்டியது மத்தியானம், சார் பார்த்தது மறுநாள் காலை. இடையில் ஓர் இரவு முழுக்க அந்தப் பையன் என்ன செய்தான்?

கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. ஆகவே அவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. முதலில் ஈரத்துணியால் துடைக்கிறான், மஞ்சள் இன்னும் பரவுகிறது. வாடை போக முகப்பவுடரைக் கொட்டுகிறான், எண்ணெயில் பவுடர் குழைந்து ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் அடுப்புக்கு மேலே ரப்பர் ஷீட் காயப்போடும் கம்பில் நோட்டைத் தொங்கவிடுகிறான். காலையில் மீன், பவுடர், புகை என்று மூன்று வாடையும் வருகிறது. அதைவிட முக்கியம், தேங்காயெண்ணெய் குடித்த தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தவளைப் படம் இருக்கும் தாளும் அடுத்த தாளும் ஒட்டிக்கொண்டதால், வெளிச்சத்தில் பிடித்தால் தவளையின் வயிற்றில் கரப்பான்பூச்சி தெரிகிறது. இப்போது சார் வாயைத் திறக்கலாம்:

“லேய், தவளை பூச்சி தின்னும், செரி. அதுக்கு வயித்துக்க உள்ள ஒண்ண வரைஞ்சு காட்டணுமா?”

அத்தியாயத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு சரிசெய்தலும் நிலைமையை இன்னும் கெடுக்க வேண்டும். மூன்று முறை போதும், நான்காவதில் வாசகர் முந்திக்கொள்வார். பையன் ஓரிடத்திலும் தமாஷ் பண்ணக்கூடாது, முழு மூச்சாக நோட்டைக் காப்பாற்றுவதிலேயே இருக்க வேண்டும். உங்கள் எழுத்தில் 17 வயதுப் பையனுக்கு 50 வயதுக்காரரின் சிரிப்பு வந்துவிட்டது. நாவல் முழுக்கச் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். அவனுக்கு அன்று தெரியாத எதையும் சொல்பவரும் சொல்லக்கூடாது.

அடுத்து கோர்வை. 43 சம்பவத்தையும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். சீட்டின் மேலே ‘பையனுக்கு இங்கே என்ன வேண்டும்?’, கீழே ‘இதனால் என்ன மாறியது?’ மேல் வரி காலியாக இருக்கும் சீட்டை எடுத்துவிடுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்பார், பையன் ஏடாகூடமாகப் பதில் சொல்வான், வகுப்பு சிரிக்கும் என்ற வார்ப்பில் உங்கள் சுருக்கத்தில் 11 சம்பவம் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 15 சீட்டு வரை தேறினால் போதும். அத்தியாயத்துக்கு 3,000 முதல் 3,500 சொல் என்று வைத்தால் சுமார் 50,000 சொல் வரும். இந்த வகை நாவலுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

மிஞ்சிய சீட்டுகளை மாதவாரியாக அடுக்குங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூட வருஷமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது தென்மேற்குப் பருவமழை கொட்டும். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும், வெட்டு நின்றால் வீட்டில் பணம் நிற்கும். நோட்டுக்கும் யூனிபாரத்துக்கும் பணம் கேட்க வேண்டியதும் அதே ஜூனில்தான். காலாண்டுத் தேர்வு முடிந்தால் வடகிழக்கு மழை. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும், அரையாண்டுத் தேர்வு அதன் பின்னாலேயே வரும். பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து மறுபடி வெட்டு குறையும். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம்: முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோவில், 100 கிலோமீட்டருக்கு மேல், கையில் விசிறியோடு “கோவிந்தா, கோபாலா” என்று ஓட்டம். மாசி கடைசியில் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை விழா. பொதுத்தேர்வு தலைக்குமேல் நிற்கும்போதுதான் ஊரில் இத்தனையும் நடக்கிறது. பாஸாக வேண்டுமென்று நேர்ந்துகொண்டு ஓடிவிட்டு, கால் வீங்கி, செய்முறைத் தேர்வில் நிற்க முடியாமல் தவிக்கும் பையனை உங்கள் சுருக்கத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். முழு அத்தியாயத்துக்கு உரிய ஆள் அவன்.

பணத் தட்டுப்பாட்டைக் கண்டிப்பாக எழுதுங்கள். ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் வடிந்து உறைந்த ரப்பர் பாலை, சுற்றிச் சுற்றிப் பந்து செய்வதைப் பற்றி இரண்டு பக்கம் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள், படிக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒட்டுப்பாலும் காசுதான். அப்பா விற்க வைத்திருந்ததிலிருந்து எடுத்துப் பந்து செய்தான் என்று ஒரு வரி சேர்த்தால் அந்த விளையாட்டுக்கே வேறு கனம் வந்துவிடும். “அந்தக் காலம் போல வருமா” என்ற வரிகளும் தேவைப்படாது.

காலப் பிழைகள் சில. 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை அதிகாலையில் எம்.ஜி.ஆர். இறந்தார். உங்கள் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் அன்று இரவு கேரல் வழக்கம்போலப் போகிறது. உங்கள் ஊரில் அன்று உண்மையில் என்ன நடந்தது, பஸ் ஓடியதா, பாடப் போனார்களா என்று மூத்தவர்கள் நாலு பேரிடம் கேட்டு மாற்றி எழுதுங்கள். நடுங்கும் குரலில் பாடுவதா, திரும்பிப் போவதா என்று பையன்கள் குடிலுக்கு முன்னால் தடுமாறுவதே நல்ல காட்சி. பையன் 1,200க்கு வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் வைத்து இன்ஜினியரிங் சேர்கிறான், அதுவும் நடக்காது. 1984 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்தது, 2006 வரை நடந்தது. பஸ்ஸில் ‘நேசமணி’ என்று எழுதியிருப்பது சரி. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்கள் 1997இல்தான் எடுக்கப்பட்டன.

வட்டாரப் பேச்சை உரையாடலில் தாராளமாக வையுங்கள். சொல்பவரின் நடையில் அங்கங்கே இருந்தால் போதும். அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதாதீர்கள். காட்சி சரியாக இருந்தால் சென்னை வாசகருக்கும் புரியும். ஒரு சொல்லைப் புத்தகம் முழுக்க ஒரே மாதிரி எழுதுங்கள், மூன்றாம் அத்தியாயத்தில் மட்டும் ‘செரி’, ‘சரி’ இரண்டும் இருக்கின்றன. இன்னொன்று: உங்கள் பாத்திரங்கள் எல்லாரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். தக்கலை தாண்டி மேற்கே போகப்போக மலையாளச் சாயல் கூடும். கிழக்கே சுசீந்திரத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு சார் அருமனைப் பையன் போலப் பேச மாட்டார்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பட்டப்பெயர்தான் ஊரில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பாடம், ஊர், உடல்வாகு மூன்றையும் மாற்றுங்கள், இரண்டு ஆசிரியரைச் சேர்த்து ஒருவராக்குங்கள். ‘யாவும் கற்பனை’ என்று முன்பக்கத்தில் போட்டுவிட்டு ஆளை அப்படியே எழுதினால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. சாதியையும் உடற்குறையையும் வைத்து வரும் பட்டப்பெயர்கள் உங்களிடம் நான்கு இருக்கின்றன. நான்கையும் எடுத்துவிடுங்கள். நாவலில் அதிகமாக அடிபட வேண்டியவன் கதாநாயகன்தான்.

அவன் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தப் பெண்ணுக்கு மூன்று அத்தியாயத்திலும் ஒரு வரி பேச்சு இல்லை. அவளுடைய ரெக்கார்டைப் பார்த்துத்தான் அவன் தவளை வரைந்தான் என்று வையுங்கள். கறி வாடையோடு அவளுடைய நோட்டும் திரும்பிப் போகட்டும். அவள் பேசியே ஆக வேண்டியிருக்கும்.

25 வருஷம் கழித்து எல்லாரும் மண்டபத்தில் கூடும் கடைசி 38 பக்கத்தையும் நீக்கிவிடுங்கள். அதில் உருப்படியான தகவல் ஒன்றுதான்: பிளஸ் டூ முடிவு வந்த அன்று பேப்பரில் தன் நம்பர் இல்லை என்று தெரிந்தும் நண்பன் இவனுக்காக ஸ்வீட் வாங்கிவந்தான். அதை அந்த நாளுக்கே கொண்டுபோய், பேப்பர் கடை வாசலில் வைத்து எழுதுங்கள். திருத்திய பிரதியை உங்கள் பள்ளியில் படிக்காத இருவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டி, அவர்கள் சிரிக்கும் இடத்தில் எல்லாம் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறியே விழாத அத்தியாயத்தின் சீட்டை மறுபடி எடுத்து, மேல் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.