கேள்வி-பதில்: அந்தமானிலிருந்து சென்னைக்குக் கப்பலில்

கேள்வி: நீல் தீவில் தங்கிவிட்டு, திரும்பும்போது கப்பலில் சென்னை வர ஆசை. தீவிலிருந்து காலைப் படகில் கிளம்பினால் அன்றைக்கே சென்னைக் கப்பலைப் பிடிக்க முடியுமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: அந்த ஏற்பாடு வேண்டவே வேண்டாம். நீல் தீவிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 37 கி.மீ.தான். அரசுப் படகு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். சிக்கல் தூரத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் சிறிய படகுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். அதே காற்றில் பெரிய கப்பல் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடும், நீங்கள் தீவிலேயே நிற்பீர்கள். கப்பலுக்கு முந்தைய இரவாவது போர்ட் பிளேரில் தங்குங்கள். அரசுப் படகு வந்து சேர்வது ஃபீனிக்ஸ் பே துறையில், சென்னைக் கப்பல் புறப்படுவது ஹாடோ துறையில். நடுவே ஆட்டோ பிடிக்க வேண்டும். 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

கேள்வி: பங்க் எடுக்கலாமா, கேபின் எடுக்கலாமா? அம்மாவுக்கு 68 வயது, பேருந்தில் போனாலே வாந்தி வரும். (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: அம்மாவுக்காகக் கேபின் எடுங்கள். பங்க் என்பது கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை. கட்டணம் மிகக் குறைவு, ஆனால் கழிவறை பொது, போர்வையும் விரிப்பும் நீங்களே கொண்டுபோவது நல்லது. ஆட்டம் என்று பார்த்தால் மட்டும் பங்க் மோசமில்லை. கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும்தான் ஆட்டம் குறைவு, முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். ஆகவே கேபினிலும் நடுவில், கீழாக இருப்பதைக் கேளுங்கள்.

வாந்திக்கு அவோமின் போன்ற மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. தூக்கம் வரும். கண் நீர் அழுத்தமோ புராஸ்டேட் தொந்தரவோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுவிட்டு ரஸ்க், பொரி, தயிர்சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தலை சுற்றினால் போன் திரையைப் பார்க்க விடாமல் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய், தொடுவானத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். காதும் கண்ணும் வேறு வேறு சேதி சொல்வதால்தான் குமட்டல் வருகிறது. தொடுவானம் இரண்டையும் ஒத்துப்போக வைக்கும்.

வழக்கமாகப் போடும் மாத்திரைகளை இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வையுங்கள். கரை மறைந்ததும் செல்போன் சிக்னல் போய்விடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயப்பட மாட்டார்கள்.

கேள்வி: கப்பல் வரும் அன்றிரவே எழும்பூரில் மதுரை ரயிலுக்கு முன்பதிவு செய்யலாமா? (வாசகர், வில்லாபுரம்)

பதில்: மறுநாள் இரவுக்குச் செய்யுங்கள். தூரம் சுமார் 1,190 கி.மீ., பயணம் ஏறக்குறைய 60 மணி நேரம் என்பது கணக்கு. ஆனால் சென்னை விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலைக் கட்டும் துறையில் இடம் காலியாக வேண்டும், கப்பலை உள்ளே வழிநடத்தும் துறைமுக பைலட் ஏறி வர வேண்டும், இழுவைக் கப்பல்கள் சேர வேண்டும். அதற்கு அரை நாள்கூடப் பிடிக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் கூண்டு ஏற்றிவிட்டால் அட்டவணையே மாறிவிடும். தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் பிப்ரவரி, மார்ச் பாருங்கள், கடல் அமைதியாக இருக்கும்.

இறங்கியதும் துறைமுகத்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள், கண்டெய்னர் லாரிகள் ஓடும் பாதை அது. ராஜாஜி சாலைக்கு வந்துவிட்டால் கடற்கரை ரயில் நிலையம் பக்கத்திலேயே. தாம்பரம் மின்ரயிலில் கோட்டை, பூங்கா தாண்டி மூன்றாவது நிறுத்தம் எழும்பூர்.

கேள்வி: கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வரலாமா? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: கூடாது. செத்துக் கரையொதுங்கிய துண்டாக இருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். பையைச் சோதிப்பார்கள். சிப்பி, சங்குப் பொருள் வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் வாங்கி, ரசீதைப் பொருளோடு சேர்த்தே வையுங்கள்.