டியூலிப் முந்துவதும் பிந்துவதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரே பையில் வாங்கிய டியூலிப் கிழங்கு, வீட்டு முன்புறம் ஏப்ரல் கடைசியில் பூத்தது. பின்புறம் மே நடுவில்தான். ஏன்? (டொராண்டோ)

எந்தப் புறம் தெற்கு என்று எழுத மறந்துவிட்டீர்கள். இந்தக் கேள்விக்கு முதலில் வேண்டியதே அதுதான். தெற்குச் சுவரை ஒட்டிய மண் சீக்கிரம் சூடேறும். வடக்கே நிழலில் பனி கரையவே நாளாகும். இரண்டு வாரம் வித்தியாசம் சகஜம். ஆழமும் ஒரு காரணம். 10 செ.மீ.யில் வைத்தது முந்தும், 20 செ.மீ.யில் வைத்தது பிந்தும். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் என்பதை மாற்றாதீர்கள்.

எல்லாப் பூக்கிழங்குகளையும் அக்டோபரில் ஒரே நாளில் நட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம் பூக்கிறதே? (லண்டன்)

பூக்கும் மாதம் அந்தந்த இனத்தின் குணம். ஸ்னோடிராப் ஜனவரி, பிப்ரவரி; குரோக்கஸ் பிப்ரவரி, மார்ச்; டாஃபடில் மார்ச் வாக்கில்; டியூலிப் ஏப்ரல், மே. டியூலிப்பிலேயே காஃப்மேனியானா மார்ச்சில் வரும், பிந்திய வகைகள் மே வரை காக்கவைக்கும். வாங்கும்போதே வகைப் பெயரைக் குறித்துவையுங்கள்.

டாஃபடில் மூன்று வருடமாகத் தாள் மட்டும்தான் விடுகிறது. பூ முடிந்ததும் தாளை முடிந்து கட்டிச் சுத்தமாகத்தான் வைக்கிறேன். (லண்டன்)

கெடுத்ததே அந்தச் சுத்தம்தான். எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. இலையுதிர் காலத்தில் நல்ல கிழங்கு ஒன்றை வெங்காயம் போல நெடுக்காகப் பிளந்து பாருங்கள். செதில்களுக்கு நடுவே, குருத்துக்குள் அடுத்த வசந்தத்தின் மொட்டு பொடியாக உட்கார்ந்திருக்கும். அந்த மொட்டுக்கான சத்தைச் சேர்ப்பது பூ வாடிய பிறகு நிற்கும் பச்சைத் தாள்தான். அதை அறுத்தாலோ, மடித்து ரப்பர் பேண்டு போட்டாலோ, பின்னிவிட்டாலோ வெயில் படாது, கிழங்கு இளைக்கும், மறுவருடம் மொட்டே உருவாகாது.

வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள், விதை பிடிக்க விடாதீர்கள். தாளைக் குறைந்தது ஆறு வாரம் தொடவே கூடாது. தக்காளிக்கு ஊற்றும் பொட்டாஷ் உரத்தை அந்த நாட்களில் இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள். மஞ்சள் தாள் கண்ணை உறுத்தினால் முன்னால் வேறு செடி வையுங்கள். நட்டுப் பல வருடமாகி நெருக்கியடித்துக் கிடந்தால், தாள் காய்ந்ததும் தோண்டிப் பிரித்து, மீண்டும் மூன்று மடங்கு ஆழத்தில் நடுங்கள். இளைத்த கிழங்கு தேறி மறுபடி பூக்க ஓரிரு வருடமாகும்.

சென்னையில் டியூலிப் பூக்குமா?

ஒரு முறை பூக்கவைக்கலாம். செப்டம்பர் நடுவில் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் 4–7 டிகிரியில் 14 வாரம் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. டிசம்பர் கடைசியில் நடலாம். குளிர் போதாவிட்டால் பூ தண்டு நீளாமல் தாளுக்குள்ளேயே நின்றுவிடும். கூடவே ஆப்பிள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

ஜனவரியிலேயே டாஃபடில் முளை எட்டிப் பார்க்கிறது. பனியில் செத்துவிடுமா?

சாகாது. மூடாமல் விடுங்கள்.