கூட்டல் குறியைத் தேடிப் பாருங்கள்

வணக்கம். ஹட்டனிலிருந்து சான்றிதழ்ப் படங்களை பேஸ்64 (கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை) எழுத்தாக்கி இணையப் படிவம் வழியாக அனுப்பினால், கொழும்பில் படம் திறப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். மலையில் சிக்னல் மோசம்தான்; ஆனால் இந்தப் பழி அதற்கு உரியதல்ல.

பேஸ்64 பயன்படுத்தும் 64 குறிகளில் ‘+’ ஒன்று. படிவத்தில் அதே குறிக்கு ‘இடைவெளி’ என்று பொருள். நீங்கள் அதைப் படிவத்துக்கேற்ற வேறு குறியாக மாற்றாமல் அனுப்ப, சேவையகம் ஒவ்வொரு ‘+’ஐயும் வெற்றிடமாக்கிவிடுகிறது. வந்து சேர்ந்த எழுத்தை நோட்பேடில் திறந்து பாருங்கள்: நடுவில் பல் விழுந்ததுபோல் இடைவெளிகள் தெரியும். அவற்றை மீண்டும் ‘+’ ஆக்கினால் பழைய படங்களும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இனிமேல், ‘+’க்குப் பதில் ‘-’, ‘/’க்குப் பதில் ‘_’ இடும், இணைய முகவரிக்கேற்ற பேஸ்64 வகையைப் பயன்படுத்துங்கள். இரு முனையிலும் அதே வகை இருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், கோப்பைக் கோப்பாகவே பதிவேற்றுவது நல்லது. பேஸ்64இல் 3 பைட் 4 எழுத்தாகிறது; 3 எம்பி படம் 4 எம்பி ஆகும். மழை நாளில் அந்த ஒரு எம்பி ஏறுவதற்குள் தேநீர் ஆறிவிடும்.